பதினேழாம் நம்பர் மெழுகு

எனக்குப் பின்னால் ஒன்பது ஆண்கள் நின்றார்கள். ஒன்பது பேருடைய கைகளும் ஜக்கெற் பைகளுக்குள் இருந்தன. வாய்களிலிருந்து மூச்சு வெள்ளையாய்ப் புகைந்துகொண்டிருந்தது. 

தை மாதம். ஒஷாவாவுக்கு வடக்கே, அறுவடை முடிந்த சோள வயல்களைத் தாண்டி இருக்கிற துப்பாக்கி சுடும் கழகம். பனி முழங்கால் வரை கிடந்தது. சுடுவதற்கென்று போட்டிருந்த மர மேசைக்கு முன்னால், வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். கனத்த காற்சட்டையையும் தாண்டி வாங்கின் குளிர் ஏறியது. இருநூறு மீற்றருக்கு அப்பால் ஒரு வெள்ளைத் தாள். அதன் நடுவில் சின்னப் பீங்கான் தட்டு ஒன்றின் அளவில் கறுப்பு வட்டம்.

"முன்கூட்டிச் சுட்டுப் பார்க்க முடியாது," என்றார் கழகத்தின் செயலாளர் கிளென். "குளிர்ந்த குழல். பத்துச் சூடு. பத்தும் வட்டத்துக்குள் இருக்கவேண்டும். ஒன்று வெளியே போனாலும் பலகையில் உள்ள தடை அறிவித்தல் அப்படியே இருக்கும்."

"தெரியும். வாசித்தேன்," என்றேன்.

பெட்டியைத் திறந்தேன். இருபது தோட்டாக்கள். ஒவ்வொன்றின் முனையிலும் நானே உருக்கி வார்த்த ஈயக் குண்டு, எங்கள் பேச்சில் சன்னம். அதன் இடுப்பைச் சுற்றியிருந்த பள்ளங்களில் நானே காய்ச்சிய மெழுகு.

வீட்டில் வார்த்த ஈயம் அந்த வேகத்தைத் தாங்காது என்று அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். மற்ற இருவரும் நான் இல்லாத நேரம் சொல்லியிருப்பார்கள்.

மூச்சை இழுத்துப் பாதியை விட்டேன்.

கடிதம் எழுதியவர்களுக்கு

அந்தப் பத்துச் சூட்டைச் சொல்வதற்கு முன்னால் கடிதங்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

நான் துவக்கு அனுமதிப்பத்திரம் எடுத்த கதையை இந்தத் தொடரில் போன கிழமை எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. "ஒரு கத்தோலிக்கக் குடும்பப் பெண்ணுக்கு இது அழகா?" என்று ஒருவர். "எங்கட சனம் துவக்கால பட்டது காணாதோ?" என்று இன்னொருவர். மூன்றாமவர் என் கணவர் அருளுக்கு அனுதாபம் தெரிவித்திருந்தார். அருள் அதை வாசித்துவிட்டு, "இவர் நல்ல மனிசன் போல கிடக்கு," என்றார்.

பட்டது காணும், ஐயா. அதனால்தான்.

மன்னாரில் நான் பள்ளிக்கூடப் பிள்ளையாய் இருந்தபோது, கோயில் நிலத்தில் முகம் பதித்துக் கிடந்த நாட்கள் எத்தனை என்று எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது சீமெந்தின் மணம் மட்டும். கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், வாணவெடி கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவேன். மோர்னிங்சைட்டில் எங்கள் அயலவர்களுக்கு அது பகிடி. எனக்கு அது வெட்கம்.

என்னோடு வேலை செய்யும் டோரீன்தான் ஒரு கோடையில் கழகத்தின் பெண்கள் தினத்துக்குக் கூட்டிப்போனாள். பக்கத்து மேசையில் முதல் வெடி கேட்டதும் நான் சரளைக் கல்லில் குப்புற விழுந்தேன். முழங்கை கிழிந்தது. எழுந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் ஒன்று தாருங்கள்," என்றேன்.

சத்தம் என் கையிலிருந்து வந்தபோது நான் விழவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பயிற்சி வகுப்பு, பரீட்சை, பொலிஸ் விசாரணை, வீட்டில் இரும்பு அலமாரி, இரண்டு பூட்டு எல்லாம் முறைப்படி நடந்தன. இதுவரை ஓர் உயிரை நோக்கியும் குழலை நீட்டியதில்லை. தாளைத்தான் சுடுகிறேன். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை. வெட்கப்படப் போவதும் இல்லை.

ஈயத்தின் குணம்

நான் உதட்டுச்சாயம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பெரிய பாத்திரங்களில் மெழுகையும் எண்ணெயையும் நிறத்தையும் காய்ச்சிக் கலப்பதுதான் என் வேலை. காய்ச்சியதை அச்சில் ஊற்றினால் உதட்டுச்சாயம்.

ஆகவே ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் சன்னம் செய்யலாம் என்று கேள்விப்பட்டபோது என் கை தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. டயர்க் கடையில் கழித்துவிட்ட ஈயக் கட்டிகள் கிடைத்தன. வீட்டு வளவின் மூலையில், காற்றோட்டமான இடத்தில், கையுறையும் முகமூடியும் போட்டு உருக்கினேன். வருடத்துக்கு ஒருமுறை குடும்ப வைத்தியரிடம் போய் இரத்தத்தில் ஈயம் பார்க்கிறேன். வைத்தியர் முதல்முறை காரணம் கேட்டார். சொன்னேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.

கடையில் வாங்கும் சன்னத்துக்குச் செப்புப் போர்வை உண்டு. வீட்டில் வார்ப்பது வெறும் ஈயம். அடியில் ஒரு சின்னச் செப்புக் கிண்ணம் பொருத்தலாம், அவ்வளவுதான். ஈயம் மெதுமையானது. துவக்கின் குழலுக்குள் திருகாணி போலப் புரி ஓடுகிறது. அந்தப் புரியில் உரசிச் சுழன்றுகொண்டு சன்னம் வெளியே போகவேண்டும். இடையில் வழுக்கலுக்கு மெழுகு இல்லாவிட்டால் ஈயம் குழலில் ஒட்டும். பாத்திரத்தில் அடிப்பிடித்த சோறு மாதிரி. அடுத்த சன்னம் அந்த அடிப்பிடித்ததன் மேலே உரசிப் போகும். பிறகு அது எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

மெதுவாய்ச் சுட்டால் எந்த மெழுகும் காணும். விநாடிக்கு இரண்டாயிரம் அடிக்கு மேலே போகும்போதுதான் மெழுகின் சாயம் வெளுக்கும்.

எனக்கு இருநூறு மீற்றர் எட்டவேண்டும். அதற்கு வேகம் வேண்டும்.

ஏழாவது சூடு

அந்தத் தை மாதத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில் நான் பாவித்தது கடையில் வாங்கிய நீல நிற மெழுகுக் குச்சி. கடினமானது. வேகம் கூடினால் மெழுகும் கடினமாக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

முதல் ஆறும் தாளில் பட்டன. ஏழாவதைச் சுட்டேன். என் தாளில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வரிசையில் கிளெனுடைய இலக்குச் சட்டத்தின் மரக்கால் இரண்டாய்ப் பிளந்து சரிந்தது.

வரிசையில் எல்லோரும் சுடுவதை நிறுத்தினார்கள். மண்மேட்டுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. துவக்கை மேசையில் வைத்தேன். நான் சொன்ன இடத்துக்குப் போகாத ஒரு சன்னம் என் கையிலிருந்து போயிருந்தது.

மேசைக்குக் கீழே போகவில்லை. ஆனால் போகவேண்டும் போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கழகத்தின் பலகையில் நாலு குத்தூசியோடு ஓர் அறிவித்தல் இருந்தது. வீட்டில் வார்த்த சன்னங்களை, இருநூறு மீற்றர் போகும் நீண்ட வரிசையில் இனிச் சுடக்கூடாது. ஐம்பது மீற்றரில் மட்டும் சுடலாம். கழகத்தில் வீட்டில் வார்த்துச் சுடுகிற ஆள் நான் ஒருத்திதான். என் பெயரைப் போடாமல் எனக்கு எழுதிய கடிதம் அது.

மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"ஐம்பது மீற்றர் உனக்கு வசதியாக இருக்கும், ஜெசி," என்றார் கிளென். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சல். "அங்கே காற்றும் குறைவு."

"வசதி தேடி நான் இங்கே வரவில்லை," என்றேன். "பிழை ஈயத்தில் இல்லை. மெழுகில். அதை நான் திருத்துவேன். எனக்கு ஒரு சோதனை வையுங்கள்."

"எப்போது?"

"நீங்களே சொல்லுங்கள்."

அவர் யோசித்தார். குளிரில் மெழுகு இறுகும், குளிர்ந்த குழலின் முதல் சூடுதான் மிகவும் தவறும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஜனவரி," என்றார்.

யாரோ சிரித்தார்கள்.

"நல்லது," என்றேன்.

பைக்குள் உடையக்கூடாது, காருக்குள் வியர்க்கக்கூடாது

வீட்டுக்கு வந்து குழலைத் துலக்கியபோது ஒன்றைக் கவனித்தேன். ஈயம் குழல் முழுவதும் ஒட்டியிருக்கவில்லை. வாய்ப்பக்கத்தில், கடைசி நாலு விரற்கடை நீளத்தில்தான் ஒட்டியிருந்தது. சன்னம் வெளியே வருவதற்கு முன்னமே மெழுகு தீர்ந்துபோயிருக்கிறது. பாதி வழியில் பெற்றோல் முடிந்த கார்.

கொப்பி ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் ஒன்று என்று இலக்கமிட்டேன்.

தேன்மெழுகும் வாசலினும் கலந்தது முதலாவது. மெதுவான சூட்டுக்கு அருமை, வேகத்துக்கு ஆகவில்லை. தேங்காயெண்ணெய் கலந்தது நாலாவது. நடுப்பகல் வெயிலில் காரின் முன்தட்டில் வைத்தேன், அரை மணித்தியாலத்தில் குளமாயிற்று. ஆறாவதில், இருக்கிற மெழுகுகளிலேயே கடினமான பனைமெழுகைப் போட்டேன். அது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. சுட்டுப் பார்த்தால் ஏழாவது சூட்டின் கதைதான் திரும்பவும் நடந்தது. ஐம்பது மீற்றரிலேயே தாளில் அங்குமிங்கும் சிதறின.

ஒரு வெள்ளிக்கிழமை வேலையில் நின்றபோது எனக்கு வெளித்தது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் புதிதாய் வந்த பெண்ணுக்கு வழமையான பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். உதட்டுச்சாயம் மாசி மாதக் குளிரில் கைப்பைக்குள் உடையக்கூடாது, ஆடி மாத வெயிலில் காருக்குள் வியர்க்கக்கூடாது. எத்தனையோ வருடமாய் நான் கேட்கிற பாட்டு.

நான் பாத்திரத்துக்கு முன்னால் நின்றபடியே யோசித்தேன். கடினமான மெழுகு சன்னத்தில் ஒட்டி நிற்பதில்லை. குழலை விட்டு வெளியே வந்ததும் சில்லுச் சில்லாய்த் தெறிக்கிறது. ஒரு பக்கத்தில் தெறித்து, மறுபக்கத்தில் ஒட்டி நின்றால் சன்னம் நொண்டும். வேகம் கூடக் கூட நொண்டலும் கூடும். எல்லோரும் சொன்னது தலைகீழ். வேகத்துக்குக் கடினம் தேவையில்லை. எண்ணெய்தான் தேவை. அந்த எண்ணெயைச் சிந்தாமல் பிடித்து வைத்து, நெருக்கும்போது மட்டும் விட ஓர் எலும்புக்கூடும் தேவை.

உதட்டுச்சாயத்தில் நாங்கள் செய்வதும் அதைத்தானே!

எலும்புக்கு வாசனையில்லாத குளியல் சவர்க்காரத்தைச் சீவினேன். எண்ணெய்க்கு ஆமணக்கெண்ணெய். அதைத் தமிழ்க்கடையில் வாங்கினேன். சின்ன வயதில் விடுமுறைக்கு விடுமுறை மூக்கைப் பொத்தி வாயில் ஊற்றிய அதே சாமான், இப்போதுதான் எனக்கு ஒரு நன்மை செய்தது. கொஞ்சத் தேன்மெழுகு, ஸ்ரௌவ்வில் பக்கத்துத் தேனீக்காரர் ஒருவரிடமிருந்து. எல்லாவற்றையும் உலோகத்தில் ஒட்டவைக்க லனோலின், செம்மறியாட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற கொழுப்பு.

லனோலின் மருந்துக்கடையில், பாலூட்டும் தாய்மாருக்கான தட்டில் இருந்தது. ஆறு குழாய் எடுத்தேன். காசாளர் பிள்ளை என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளையா? வாழ்த்துகள்!" என்றது.

"இல்லை, துவக்குக்கு," என்று சொல்ல வாய்வரை வந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தொழிற்சாலையிலிருந்து ஒரு துளி மெழுகும் எடுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், அடுத்த கிழமைக் கடிதங்களில் அது ஒன்று குறையும்.

சவர்க்காரம் எண்ணெயில் கரைவதற்குப் பொரியல் சூட்டையும் தாண்ட வேண்டும். வளவில், தீப்பிடித்தால் அமர்த்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டுதான் காய்ச்சுவேன். மணம் என்றால், ஆஸ்பத்திரியில் முறுக்குச் சுட்ட மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைப் பூட்டுவார்.

அருளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பதினோராம் நம்பரை நான் யோகட் கோப்பை ஒன்றில் ஊற்றி வைத்திருந்தேன். அவர் குதிகால் வெடிப்புக்கு வாங்கிய களிம்பு என்று நினைத்து மூன்று நாள் பூசியிருக்கிறார்.

"ஜெசி, அந்த யோகட் கோப்பை முடியப்போகுது. நல்ல சாமான், கால் பஞ்சு மாதிரி வந்திட்டுது."

"அது சன்னத்துக்கு."

"அப்ப எனக்குக் கொஞ்சம் வை."

பதினோராம் நம்பர் காலுக்குத்தான் சரி. குளிரில் முதல் சூடு மட்டும் ஓர் உள்ளங்கை உயரம் மேலே போனது. அதற்குப் பிறகு தேன்மெழுகைக் குறைத்து, ஆமணக்கைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் விரல் நீளக் குச்சி வார்த்துப் பிறீசருக்குள் மீன் பொதிகளோடு வைத்தேன். அடுத்த நாள் எடுத்து வளைப்பேன். உடைந்தால் தள்ளுபடி.

பதினேழாவது வளைந்தது. உடையவில்லை. காரின் வெப்பமூட்டிக்கு முன்னால் பிடித்தேன். வியர்க்கவும் இல்லை.

பிறீசருக்குள் அக்கா கண்டது

நத்தார்ப் பெருநாள் கழிந்த ஒரு மத்தியானம் ரெஜினா அக்கா வந்தா. அக்கா ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறா. என்னைவிடப் பத்து வயது மூப்பு. நான் துவக்குச் சுடுவதை இரண்டு வருடமாய் அக்காவுக்கு மறைத்து வைத்திருந்தேன். இந்தத் தொடரை எழுதத் தொடங்குவதற்கு வெகு முன்பு அது.

"விளைமீன் கிடக்கோ? எடுத்துக் குடு, நான் குழம்பு வைக்கிறன்," என்றபடி அக்காவே பிறீசரைத் திறந்தா.

மீனுக்கு மேலே சின்னப் பொலித்தீன் பை ஒன்று. அதில் என் கையெழுத்து: சன்னம் 17.

"இது என்ன?"

"மெழுகு, அக்கா."

"சன்னம் எண்டு எழுதிக் கிடக்கு."

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். அக்கா பையைக் கையில் வைத்தபடியே கேட்டா. குளிரில் விரல் சிவந்தது.

அக்காவின் கணவர் அன்ரன் அத்தான், மன்னாரில் சந்தையிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது செத்துப்போனவர். அவரை ஒருவரும் சுடவில்லை. யாரோ யாரையோ சுட்ட சன்னம், எங்கேயோ போகவேண்டியது, அவரிடம் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அக்காவுக்கு அப்போது முப்பது வயதும் ஆகவில்லை.

"உனக்குத் தெரியாதோ?" என்றா. சத்தம் போடவில்லை. "அந்தச் சாமான் அவரின்ர நெஞ்சுக்குள்ள கிடந்தது. நான் அதோடதான் அவரைத் தாட்டன். நீ அதை அச்சில வார்க்கிறாய். மீனோட வைக்கிறாய்."

"அக்கா, நான் தாளைத்தான்…"

"கதைக்காதை. உந்தத் துவக்கை விடுற வரைக்கும் என்ர வீட்டு வாசலை மிதியாதை."

சப்பாத்தையும் சரியாய்ப் போடாமல் பனியில் இறங்கிப் போனா. மகள் வந்து ஏற்றும்வரை வீதியோரத்தில் நின்றா. உள்ளே வரச் சொல்லி அருள் இரண்டு முறை போய்க் கேட்டார். அக்கா வரவில்லை.

"சோதனைக்குப் போறியோ?" என்று அருள் என்னைக் கேட்டார்.

"போறன்."

"அக்காவுக்கு?"

"தெரியேல்லை. ஆனால் போறன்."

பத்தும், பத்தும்

முதல் சூடு.

கிளென் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தார். நேரம் எடுத்தார். "உள்ளே," என்றார்.

ஒன்பது பேரில் யாரோ பனியில் கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது. குளிர்ந்த குழலின் முதல் சூடு உள்ளே போயிருந்தது. பதினேழாம் நம்பர் இறுகவில்லை.

இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு முறையும் துவக்கின் பின்பக்கத்து நெம்பை இழுத்தபோது வெற்றுத் தோட்டா மேசையில் விழுந்து கிணுங்கியது. ஆமணக்கு கருகிய மணம் மெல்லியதாய் வந்தது. ஏழாவதைக் குழலில் ஏற்றும்போது விரல்கள் மரத்திருந்தன. கையுறையைக் கழற்றி வாயால் ஊதினேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

ஏழாவதும் உள்ளே.

பத்தும் முடிந்ததும் எல்லோருமாய் நடந்து போய்த் தாளைப் பார்த்தோம். எட்டு வட்டத்துக்குள். இரண்டு வட்டத்தின் கோட்டில். கோட்டில் தொட்டால் உள்ளே என்பது கழகத்தின் விதி. கிளென் குனிந்து, அளவுகோலை வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் பார்த்தார்.

"பத்து," என்றார். பிறகு, "அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கலாம். அடுத்த கிழமை இன்னொரு முறை பார்க்கலாமா?"

எனக்குக் காது சூடேறியது. அந்தக் குளிரிலும்.

"அடுத்த கிழமை என்ன? இப்பவே," என்றேன். "பெட்டியில் இன்னும் பத்து இருக்கிறது. குழலைத் துலக்க மாட்டேன். ஈயம் ஒட்டியிருந்தால் இந்தப் பத்தில் தெரியும். ஆனால் முதலில் நீங்கள் ஒரு வேலை செய்யவேண்டும்."

மேசைக்குத் திரும்பி வந்து துவக்கின் நெம்பைக் கழற்றி வைத்தேன். கைவிளக்கைக் கொடுத்தேன். "பாருங்கள்."

கிளென் பின்பக்கமாய்க் குனிந்து குழலுக்குள் பார்த்தார். வேட்டைக்காரர். நாற்பது வருடமாய்க் குழல் பார்த்தவர். அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். ஒன்பது பேரும் வரிசையாய்க் குனிந்து குனிந்து பார்த்ததை நான் கை கட்டி நின்று பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈயமும் ஒட்டியிருக்கவில்லை. குழலின் வாயைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூப்போல ஒரு மெழுகுக் கறை படிந்திருந்தது. மெழுகு கடைசிவரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது பத்தைச் சுட்டேன். பத்தும் வட்டத்துக்குள். கோட்டில் ஒன்றும் இல்லை.

கழக வீட்டுக்குள் வந்தோம். கோப்பி கொதித்துக்கொண்டிருந்தது. நான் நேரே பலகைக்குப் போய் அறிவித்தலின் நாலு குத்தூசியையும் கழற்றினேன்.

"ஜெசி, அதைச் செயற்குழுதான் கூடி எடுக்கவேண்டும்," என்றார் கிளென். "விதி அப்படி."

"ஒட்டும்போது கூடினீர்களா?"

 தாளை நாலாய் மடித்து அவர் கையில் கொடுத்தேன். குத்தூசிகளையும் கொடுத்தேன். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த டோரீன் வாய்விட்டுச் சிரித்தாள்.

செயற்குழு பிறகு கூடியது. வார்த்த சன்னம் சுடுகிறவர் குழலைக் காட்டிவிட்டுத்தான் நீண்ட வரிசைக்குப் போகவேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். நல்ல விதி. எல்லோருக்கும் பொதுவாய்ப் போடுங்கள், செப்புச் சன்னக்காரரும் காட்டட்டும் என்றேன். இப்போது எல்லோரும் காட்டுகிறார்கள். போன மாதம் குழல் பார்க்கும் முறை எனக்கு வந்தபோது, கிளெனுடைய குழல் அழுக்காய் இருந்ததென்று திருப்பி அனுப்பினேன்.

ஸ்ரௌவ்வில்

சோதனைக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். அருள் காருக்குள் இருந்தார். நான் போய் மணியை அடித்தேன்.

அக்கா கதவைத் திறந்தா. என்னைக் கண்டதும் சாத்தப் பார்த்தா. நான் காலை வைத்தேன்.

"விட்டிட்டியோ?"

"இல்லை."

"அப்ப ஏன் வந்தனி?"

"இது என்ர அக்கா வீடு. நீங்கள் வரவேண்டாமெண்டு சொல்லலாம். நான் வருவன்."

அக்கா கதவை விட்டுவிட்டு உள்ளே போனா. நான் பின்னால் போனேன். வரவேற்பறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.  பக்கத்து அறையில் சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

இலையுதிர் காலத்து ஏழாவது சூட்டின்போது என் மனதில் வந்ததை அப்போதுதான் ஒருவருக்குச் சொன்னேன். டோரீனுக்கும் சொல்லாததை, அருளுக்கும் முழுதாய்ச் சொல்லாததை. பக்கத்து வரிசையின் மரக்கால் பிளந்த நேரம் எனக்கு அன்ரன் அத்தானின் முகம்தான் வந்தது என்று சொன்னேன். அன்றைக்கே துவக்கை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். கடைச் சன்னம் வாங்கிச் சுட்டிருக்கலாம். ஐம்பது மீற்றருக்குப் போயிருக்கலாம்.

"ஏன் போகேல்லை?" என்று அக்கா கேட்டா.

"அந்தச் சன்னம் ஏன் விலகிப் போனதெண்டு எனக்குத் தெரியவேணும், அக்கா. தெரியாமல் விட்டால், திரும்பவும் மேசைக்குக் கீழதான் போய் இருப்பன். மூண்டு மாசம் அதுக்குத்தான் மெழுகு காய்ச்சினனான். இப்பத் தெரியும்."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"நீ சுடுறது எல்லாம் எங்கை போகுதெண்டு தெரியுமோ?"

"ஓம். ஒவ்வொண்டும். தாளுக்குப் பின்னால பெரிய மண்மேடு. பனி கரைஞ்ச பிறகு மண்ணை அரிச்சு என்ர ஈயத்தை நானே எடுக்கிறனான். எடுத்துத் திரும்ப உருக்குவன். போன வசந்தத்தில ஒரு வாளி நிறைய எடுத்தன்."

"எல்லாத்தையும்?"

"எடுக்கக்கூடிய எல்லாத்தையும்."

அக்கா எழுந்து யன்னல் பக்கம் போனா. வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று வீதியைச் சுரண்டிக்கொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்தா.

"அவரைச் சுட்டவனுக்கு அது தெரியாது," என்றா. "தன்ர சன்னம் எங்கை போனதெண்டு. இண்டைக்கும் தெரியாது."

"தெரியாது, அக்கா."

"தெரிஞ்சிருக்கவேணும்."

திரும்பி வந்து இருந்தா. அழவில்லை. நானும் அழவில்லை. அருளை ஏன் காருக்குள் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டா. கூப்பிடச் சொன்னா.

துவக்கை விடு என்று அக்கா அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் விடவும் இல்லை.